காய்ந்த மண்ணில் காணாமல் போனது

மண் பரிசோதனை வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களிடம் கருவிகளைப் பற்றிப் பேசுவதற்காக என்னைக் கூப்பிட்டிருந்தால், ஏமாந்தீர்கள். என் காலத்துக் கருவிகளில் பாதியை இந்நேரம் பழைய இரும்புக்காரரிடம் போட்டிருப்பார்கள். மீதியை என்னைவிட நன்றாக உங்களுக்கே இயக்கத் தெரியும். காவிரிப் படுகையின் மண்ணைச் சலித்து, எடை போட்டு, மண்வள அட்டை எழுதிக் கொடுத்தே ஓய்வு பெற்றவள் நான். சரியாகச் சொன்னவை எத்தனையோ இருக்கும், ஒன்றும் ஞாபகமில்லை. தப்பாகச் சொன்ன ஒன்று மட்டும் வாடையோடு ஞாபகம் இருக்கிறது.

அப்போது நாகப்பட்டினம் பக்கம், ஆற்றுத் தண்ணீர் கடைசியாக வந்து சேரும் கடைமடையில் ஒரு சிறிய பரிசோதனைக் கூடத்தில் இருந்தேன். நானும், கலியபெருமாள் என்ற உதவியாளரும், மூன்று அறைகளும்தான் அந்தக் கூடம். வரும் மண்ணைப் பரப்பிக் காய வைப்பது, தட்டுவது, சலிப்பது எல்லாம் கலியபெருமாள். எண்களை எழுதிக் கையெழுத்துப் போடுவது நான்.

ஒரு கோடையில் மல்லிகா என்ற பெண் துணிப்பையில் மண் கொண்டுவந்தார். முப்பத்தைந்து வயதிருக்கும். கணவர் வெளிநாட்டில் வண்டி ஓட்டுகிறார். மூன்று மா நிலம், ஏறக்குறைய ஒரு ஏக்கர், அந்த வருடம்தான் இவர் பெயருக்குப் பட்டா மாறியிருந்தது. "எங்க அம்மா கூலிக்கு நட்ட வயலு மேடம். இப்ப எங்க பேருல இருக்கு" என்று ஒரே ஒரு தடவை சொன்னார். அன்றைக்கு அதற்குமேல் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. அட்டையை வாங்கிக்கொண்டு போய்விடாமல், ஒவ்வொரு எண்ணுக்கும் என்ன அர்த்தம் என்று நின்று கேட்டார். அப்படிக் கேட்பவர்கள் வருடத்துக்கு இரண்டு பேர் தேறினால் அதிகம். எனக்குப் பிடித்துப் போயிற்று. "கரிமச்சத்து குறைவு. பசுந்தாள் உரம் இடவும்" என்று அட்டையில் போட்டுக் கொடுத்தேன். போட்டுக் கொடுத்தேன் என்றால் குத்திக் கொடுத்தேன். எல்லா அட்டைக்கும் பொதுவான வரி என்பதால் அதற்கென்று ரப்பர் முத்திரையே வைத்திருந்தோம்.

புரட்டாசியில் அதே மல்லிகா மறுபடி வந்தார். இந்தத் தடவை துணிப்பை இல்லை. பாலித்தீன் பையில் சேறும் தண்ணீருமாக இறுக்கிக் கட்டிய ஒரு பொட்டலம். முகம் கறுத்திருந்தது.

"நட்டு பதினாறு நாளு ஆச்சு மேடம். பச்சை புடிக்கவே இல்ல. நாளுக்கு நாளு செவந்து சுருண்டுகிட்டுப் போவுது. பக்கத்து வயக்காரரு கோவிந்தராசு வரப்புல களைக்கொல்லி அடிச்சாரு. அவரு வரப்ப ஒட்டித்தான் ரொம்ப மோசமா இருக்கு. இதுல மருந்து இருக்கான்னு பாத்துச் சொல்லுங்க."

காவல் நிலையத்தில் கொடுக்க மனு எழுதிக் கையில் வைத்திருந்தார். எங்கள் தாள் வந்தால் இணைத்துக் கொடுத்துவிடலாம் என்று காத்திருந்தார். களைக்கொல்லி பார்க்கும் வசதி இங்கே இல்லை, அதற்குப் பெரிய கூடத்துக்கு அனுப்ப வேண்டும், நாட்களாகும், இங்கே வழக்கமாகப் பார்ப்பதைப் பார்த்துத் தருகிறேன் என்றேன். அதையாவது பாருங்கள் என்று வைத்துவிட்டுப் போனார்.

கலியபெருமாள் பையை அவிழ்த்ததும் மூக்கைச் சுளித்தார். "என்னமா நாறுது மேடம். சாக்கடை நாத்தம் இல்ல. புளிச்சு, வெண்ணெய் கெட்டுப்போன மாதிரி ஒரு வாடை" என்றார். நான் மாதாந்திர அறிக்கையில் மூழ்கியிருந்தேன். தலையைத் தூக்காமலே, "மாடியில கொண்டுபோய்ப் பரப்புங்க. இங்க ஃபேனப் போட்டு ஜன்னலத் தொறந்து விடுங்க" என்றேன். இந்த இரண்டு வாக்கியங்களையும் தயவுசெய்து நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். என் பணிக்காலத்தின் மிகப் பெரிய முட்டாள்தனம் இவற்றில்தான் இருக்கிறது.

மண் காய்ந்தது. சலித்தோம், பார்த்தோம். எல்லாம் சரியாக இருந்தது. சொல்லப்போனால் கோடையில் பார்த்ததைவிடக் கொஞ்சம் மேல். "மண்ணில் குறைபாடு இல்லை" என்று எழுதி அனுப்பிவிட்டு, அடுத்த வேலையைப் பார்க்கப் போனேன்.

ஒரு வெள்ளிக்கிழமை மல்லிகா தொலைபேசியில் பேசினார். குரல் முன்பைவிடத் தெளிவாக இருந்தது. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

"தாளு வந்துச்சு மேடம். மண்ணு நல்லா இருக்குன்னு போட்டிருக்கீங்க. அப்ப பயிரு சாவுறது மருந்தாலதான்னு ஆயிடுச்சுல்ல? திங்கக்கெழமை ஸ்டேஷனுக்குப் போறேன்."

நான் அப்படி எழுதவில்லை. ஆனால் என் வரியைப் படிக்கிற யாருக்கும் அதுதான் தோன்றும். பார்த்திராத ஒரு மனிதருக்கு எதிராக ஒரு வாக்குமூலம் எழுதிக் கையெழுத்தும் போட்டிருக்கிறேன் என்று உறைத்தது. கலியபெருமாளிடம் சொன்னேன். அவர் சாப்பாட்டுத் தூக்கைத் திறந்துகொண்டே, குற்றம் சொல்லும் எண்ணம் துளியும் இல்லாமல், தெரிந்துகொள்ள ஆசைப்படுகிறவராகக் கேட்டார்:

"அந்த மண்ணு வரும்போது அப்படி நாறுச்சு. காஞ்சப்புறம் சுத்தமா வாடையே இல்ல. நாறுனது எங்க போச்சு மேடம்?"

நான் என் சாப்பாட்டை மூடி வைத்தேன். அவர் கேட்டதற்குப் பதில் நான் கல்லூரியிலேயே படித்ததுதான். கேள்விதான் எனக்குத் தோன்றாமல் போயிற்று.

பசுந்தழையை மண்ணில் மடக்கி உழுது தண்ணீர் கட்டினால் நுண்ணுயிர்கள் அதைத் தின்னத் தொடங்குகின்றன. மூச்சுக்குக் காற்று இருந்தால் முழுதாகத் தின்று முடிக்கும். மேலே தண்ணீர் மூடிக்கொண்டு காற்று கிடைக்காவிட்டால் பாதியில் நிறுத்திவிடும். அந்தப் பாதி வேலையில் மிஞ்சுவதுதான் கரிம அமிலங்கள். ஊறுகாய்க்கு ஊற்றும் வினிகரில் இருக்கும் அசிட்டிக் அமிலம் அதில் ஒன்று. கெட்டுப்போன வெண்ணெயில் வாடை தரும் பியூட்ரிக் அமிலம் இன்னொன்று. புதிதாக நட்ட நாற்றின் வேரைப் போய் இவை சுற்றிக்கொண்டால் வேருக்கு மூச்சு முட்டும். பக்கத்தில் சத்து எவ்வளவு இருந்தாலும் எடுக்க முடியாது. இவை காற்றோடு போகக்கூடியவை. மிச்சம் மீதி இருந்தாலும், மண் காய்ந்து காற்றுப் பட்டதும் நுண்ணுயிர்கள் தின்றுவிடும். அதாவது, பயிரைக் கொன்றுகொண்டிருந்ததை நான் மாடியில் பரப்பி, காற்றில் விட்டு, போனது போக மிச்சத்தைப் பரிசோதித்து, ஒன்றும் இல்லை என்று எழுதியிருக்கிறேன். மண்ணைக் காய வைத்துப் பார்ப்பது நம் எல்லாப் புத்தகத்திலும் உள்ள முறை. முறைப்படிதான் தப்புச் செய்தேன்.

ஆனால் இதுவும் ஊகம்தான். மறுநாள் காலை பேருந்தைப் பிடித்து மல்லிகாவின் ஊருக்குப் போனேன்.

சுற்றிலும் பச்சை. நடுவில் இந்த மூன்று மா மட்டும் துருப்பிடித்த நிறத்தில் நின்றது. கணுக்காலுக்கு மேல் தண்ணீர், அசைவில்லாமல். கோவிந்தராசுவின் வரப்பை ஒட்டிய பக்கம் நாற்று கிட்டத்தட்டப் படுத்தே விட்டது. அவர் தன் வயலில் எங்களைப் பார்க்காதவரைப் போல நின்றிருந்தார். ஐம்பது தாண்டிய, ஒல்லியான மனிதர்.

சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இறங்கினேன். காலை வைத்த இடமெல்லாம் குமிழி கிளம்பியது. கூடவே அந்த வாடை. கையை விட்டுத் துழாவினால் மக்காத தண்டும் இலையுமாகக் கொத்துக் கொத்தாக வந்தது.

"தழை மடக்கி உழுது எத்தன நாளு கழிச்சு நட்டீங்க?"

"நாலு நாளு."

"ஏன் அவ்வளவு சீக்கிரம்?"

"நடவு ஆளுங்க அன்னிக்குத்தான் வந்தாங்க மேடம். விட்டா திரும்பக் கெடைக்க பதினஞ்சு நாளாவும். முறைத்தண்ணியும் அன்னிக்குத்தான் வந்துச்சு. யாரக் காக்க வைக்கிறது?"

இந்தப் பதிலுக்கு முன்னால் என் படிப்பு என்ன செய்யும். கடைமடையில் நடவு நாளைத் தீர்மானிப்பது ஆளும் தண்ணீரும்தான், நுண்ணுயிர் அல்ல. பசுந்தாள் உரத்துக்கு விதைத்த தக்கைப்பூண்டை மட்டும்தான் மடக்கி உழுதீர்களா என்று கேட்டேன். வேம்பும் புங்கனுமாக இரண்டு வண்டித் தழை வெளியிலிருந்தும் கொண்டுவந்து போட்டாராம்.

"கார்டுல கொறைவுன்னு குத்தியிருந்துச்சே. கொறைவா இருந்தா கூடத்தானே போடணும்?"

அந்த வட்டாரத்தில் எங்கள் அட்டையை வேதவாக்காக எடுத்துக்கொண்டவர் இவர் ஒருவர்தான். மற்றவர்கள் வங்கியில் காட்டிவிட்டுப் பரணில் போட்டுவிட்டுப் பிழைத்துக்கொண்டார்கள். எத்தனை வண்டி, எத்தனை நாள் பொறுத்து நட வேண்டும் என்று நான் ஒரு வார்த்தை சொல்லவில்லை. எனக்கு வெட்கமாக இருந்தது.

அப்போதுதான் ஒரு சிறு மேட்டைக் கவனித்தேன். கோவிந்தராசு மருந்தடித்த வரப்பை ஒட்டினாற்போல, ஒரு கட்டில் அகலத்துக்குச் சமன் செய்யாமல் விட்ட இடம். தண்ணீருக்கு மேலே லேசாகத் தலைகாட்டியது. அதில் ஏழெட்டுக் குத்து நாற்று நல்ல பச்சையாக நின்றது. சுற்றிலும் சாவு, நடுவில் இது.

மல்லிகாவைக் கூப்பிட்டேன். "மருந்து காத்துல வந்திருந்தா முதல்ல படுறது வரப்பை ஒட்டி இருக்கற இந்த மேடுதானே? இதை மட்டும் எப்படி விட்டுச்சு?"

மேட்டில் ஒரு குத்து, பள்ளத்தில் ஒரு குத்து, இரண்டையும் பிடுங்கி அலசிக் காட்டினேன். மேட்டு வேர் வெள்ளையாக, மண்ணை விடாமல் பிடித்துக்கொண்டு வந்தது. பள்ளத்து வேர் கறுத்து, வழவழவென்று, இழுத்ததும் கழன்றது. அந்தக் கறுத்த வேரை அவரே மூக்கருகே கொண்டுபோனார். முகம் மாறியது. பள்ளம் அந்தப் பக்கம் என்பதால்தான் அந்தப் பக்கம் மோசம். தண்ணீர் அங்கேதான் ஆழம், காற்று அங்கேதான் இல்லை. அதற்கு மேல் இன்னொன்றும் நடந்திருந்தது. அந்தப் பகுதியில் வயலுக்கு வயல் தனி வாய்க்கால் கிடையாது, ஒரு வயல் நிறைந்து அடுத்ததற்குத் தண்ணீர் போகும். மல்லிகா வயலைத் தாண்டித்தான் கோவிந்தராசுவுக்குத் தண்ணீர். சந்தேகம் வந்த நாளிலிருந்து மல்லிகா அந்த மடையை மண் வைத்து அடைத்திருந்தார். கோபத்தில் அடைத்த தண்ணீர் தேங்கத் தேங்க, பயிர் இன்னும் வேகமாகச் செத்துக்கொண்டிருந்தது.

"மடையத் தொறந்து மொத்தத் தண்ணியையும் வடிச்சிடுங்க. தரை வெடிப்பு விடற வரைக்கும் காய விடுங்க" என்றேன்.

வரப்பில் நாலைந்து பேர் கூடியிருந்தார்கள். யாரோ சிரித்த சத்தம் கேட்டது. கடைமடையில் நின்று நட்ட வயலின் தண்ணீரை வடி என்று சொல்வது எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியாவிட்டால், ஊரில் யாரிடமாவது சொல்லிப் பாருங்கள். அடுத்த முறைத்தண்ணீர் எப்போது திறந்துவிடுவார்கள் என்று யாருக்கும் தெரியாது. ஐப்பசி மழை இன்னும் பிடிக்கவில்லை. நிலத்தடி நீர் உப்பு. வடித்துவிட்டால் மல்லிகாவிடம் வேறு தண்ணீர் இல்லை.

மல்லிகா சிரிக்கவில்லை. "நீங்க சம்பளக்காரங்க மேடம். தப்பாப் போனா இன்னொரு தாளு எழுதிக் குடுப்பீங்க. எனக்கு இது மொத வெள்ளாமை. போச்சுன்னா, கூலிக்காரி மவளுக்கு வெவசாயம் எதுக்குன்னு இதே வரப்புல நின்னு பேசுவாங்க. நிச்சயமாத் தெரியுமா உங்களுக்கு?"

பொய் சொல்லியிருக்கலாம். அதிகாரிகளுக்கு அது எளிது, விவசாயிக்கும் அந்த நேரத்தில் அது ஆறுதல். "அளந்து பாக்கல. அளக்க வேண்டியத நானே காய வச்சுத் தொலைச்சிட்டேன். தழை போடுன்னு குத்துனதும் நான்தான், நாளு சொல்லாம விட்டதும் நான்தான். ஆனா அந்த மேடு பொய் சொல்லாது. அங்க இல்லாதது தேங்குன தண்ணி ஒண்ணுதான்" என்றேன்.

மல்லிகா அந்த மேட்டை இன்னொரு தடவை பார்த்தார். பிறகு மண்வெட்டியை எடுத்தார்.

அதற்குள் கோவிந்தராசு மடைக்கு அந்தப் பக்கம் வந்து நின்றுவிட்டார். அவர் பேசியது என்னிடம்தான். "அந்தப் பயிரக் கொன்ன தண்ணிய எங்கிட்டத் தள்ளுறீங்க. எம்பயிரு என்னாவறது?"

நியாயமான கேள்வி. நான் யோசிக்காமல் விட்ட கேள்வியும்கூட. கெடுதல் பெரும்பாலும் சேற்றில்தான், தண்ணீரில் கொஞ்சம்தான், காற்றுப் பட்டால் அதுவும் குறையும், ஆனால் ஒன்றும் ஆகாது என்று சத்தியம் செய்ய முடியாது என்றேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"சத்தியம் பண்ணியிருந்தீங்கன்னா விட்டிருக்க மாட்டேன்" என்றார். "வரப்போரமா தண்ணி போக ஒரு கண்ணி இழுத்துத் தர்றேன். மொதல்ல என் குட்டையில வுழட்டும். கெண்டைக்குஞ்சு விட்டிருக்கேன். அது மெதந்துச்சுன்னா தெரிஞ்சுபோவும்."

தன் மீன்களைப் பணயம் வைத்து ஒரு பரிசோதனைக்கு அந்த மனிதர் ஐந்து நிமிடத்தில் திட்டம் போட்டார். மல்லிகா ஒரு பக்கமும் அவர் ஒரு பக்கமுமாக, ஒரு வார்த்தை பேசிக்கொள்ளாமல் வெட்டினார்கள். தண்ணீர் நுரைத்துக்கொண்டு இறங்கியது.

மல்லிகா திங்கட்கிழமை ஸ்டேஷனுக்குப் போகவில்லை. அதன்பிறகு நான் தூங்கியது குறைவு. கலியபெருமாள் தினமும் காலையில் "எதுனா சேதி வந்துச்சா மேடம்?" என்பார். மல்லிகா வாட்ஸ்அப்பில் படம் அனுப்புவார், ஒரு வார்த்தையும் எழுத மாட்டார். முதல் நாள் வெறும் சேறு. மூன்றாம் நாள் மயிரிழை வெடிப்பு. ஐந்தாம் நாள் நாற்று இன்னும் மோசமாகத் தெரிந்தது. அதைப் பார்த்தபின் அன்றைக்கு நான் போனைத் தொடவே இல்லை. ஏழாம் நாள் ஒரு குத்தைப் பிடுங்கி உள்ளங்கையில் வைத்து எடுத்த படம். கறுத்த வேர்களுக்கு மேலே, கழுத்தில், புதிதாக வெள்ளை வேர்கள் கிளம்பியிருந்தன. நான் எழுந்துபோய்க் கலியபெருமாளிடம் காட்டினேன். அவர் கண்ணாடியைப் போட்டுப் பார்த்துவிட்டு, "நாறுனது போயிருச்சு" என்றார்.

நீங்கள் படித்துவிட்டு வந்தவர்கள், கரிமச் சேர்மங்களை நல்லது கெட்டது என்று இரண்டு பெட்டியில் போட்டுத்தான் கற்றிருப்பீர்கள். மட்கு நல்லது, மருந்து கெட்டது. எனக்கு அந்த வயல் வேறு விதமாகக் காட்டியது. ஒரே இலைதான். காற்றோடு அழுகினால் மண்ணுக்குச் சாப்பாடு, காற்றில்லாமல் அழுகினால் வேருக்கு விஷம். குமிழியாகக் கிளம்பிய மீத்தேன் மேலே போய் வானத்தைச் சூடாக்குகிறது, அதே சேற்றில் மிஞ்சும் மட்கு அடுத்த போகத்துக்கு இரும்பையும் துத்தநாகத்தையும் பிடித்து வைக்கிறது. ஒரு தழை எந்தப் பக்கம் திரும்பும் என்பதை நாளும் தண்ணீரும் சேர்ந்து முடிவு செய்கின்றன. இதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் ஆச்சரியம் அடங்கவில்லை. அந்த வயலிலிருந்து திரும்பி வந்ததும் அந்த ரப்பர் முத்திரையைத் தூக்கிப் போட்டேன். தழை எவ்வளவு, எத்தனை நாள் பொறுக்க வேண்டும், ஆள் முன்னாலேயே வந்துவிட்டால் என்ன செய்வது என்று ஒவ்வொரு அட்டையிலும் கையால் எழுதினேன். ஈரமாக வரும் மண்ணை முகர்ந்து பார்த்து, வாடையையும் குறிப்பில் எழுதச் சொல்லிக் கலியபெருமாளிடம் ஒரு நோட்டுக் கொடுத்தேன். மேலிடத்தில் இதைப் பார்த்துச் சிரித்தார்கள். நீங்களும் சிரித்துக்கொள்ளுங்கள், ஆனால் எழுதுங்கள்.

எட்டாம் நாள் நான் மறுபடி போனேன். வேர் வந்துவிட்டது, இனித் தண்ணீர் வேண்டும். மழையும் இல்லை, முறையும் இல்லை. இன்னும் இரண்டு நாள் போனால் வந்த வேரும் காய்ந்துவிடும். பஸ்ஸில் போகும்போதே என்ன சொல்வது என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தேன். பள்ளத்துப் பக்கம் ஒரு மூலை எப்படியும் தேறாது என்பதும் தெரிந்திருந்தது.

வயலை நெருங்கும்போதே ஆயில் இன்ஜின் சத்தம் கேட்டது. கோவிந்தராசு குட்டைக்கரையில் இன்ஜினை வைத்து, நீளமான ஓஸை வரப்பின் மேல் போட்டிருந்தார். அதன் வாய் மல்லிகாவின் வயலைப் பார்த்துக் கிடந்தது. தண்ணீர் இன்னும் விடவில்லை. குட்டையில் கெண்டைக்குஞ்சுகள் இன்ஜின் சத்தத்துக்கு விலகி ஓடிக்கொண்டிருந்தன.

"நீங்களா கேட்டீங்க?" என்று மல்லிகாவிடம் மெல்லக் கேட்டேன். இல்லை என்று தலையாட்டினார்.

கோவிந்தராசு காதில் விழுந்திருக்க வேண்டும். "அவங்க தண்ணிதானே மேடம்" என்றார். "எங்கிட்டப் போட்டு வச்சிருந்தது."

ஓஸ் வாயில் தண்ணீர் வந்தது. மல்லிகா உடனே விடவில்லை. ஓஸைத் தன் பக்கம் திருப்பிப் பிடித்துக்கொண்டு, ஒரு கை ஏந்தி மூக்கருகே கொண்டுபோனார். மருந்தடித்துக் கெடுத்தார் என்று தான் சந்தேகப்பட்டவர் விடும் தண்ணீரை முகர்ந்து பார்க்கிறார் என்பது அங்கே நின்ற மூன்று பேருக்கும் தெரியும். கோவிந்தராசு வேறு எங்கோ பார்த்துக்கொண்டு நின்றார்.

வாடை இல்லை என்று தெரிந்ததும் மல்லிகா கையை உதறினார். ஓஸை வயலுக்குள் இறக்கி வைத்துவிட்டு, சந்தேகம் வந்த நாளுக்குப் பிறகு முதல் தடவையாகக் கோவிந்தராசு முகத்தைப் பார்த்துப் பேசினார்.

"இன்ஜின கொஞ்சம் மெதுவா விடுங்கண்ணே. வேரு இப்பத்தான் புடிச்சிருக்கு."

கோவிந்தராசு குனிந்து வேகத்தைக் குறைத்தார்.